உன் மாமனார் வீட்டுக் குதிரைக்காரர்

அருண்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். உன் மாமனார் வைத்த ஸ்டேட்டஸில் நேற்றுக்கூடப் பார்த்தேன். அந்தப் பழைய டைரி நடுவில், நீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இரண்டு பேர் முகத்திலும் லாட்டரி விழுந்த சிரிப்பு. உன் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "புள்ள கொஞ்சம் பூசினாப்ல இருக்கான்" என்றாள். வாராவாரம் பர் துபாயில் மாமியார் வீட்டு பிரியாணி சாப்பிட்டால் யாருக்குத்தான் பூசாது?

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போடுவாய், அதோடு சரி. அதனால் இரண்டு குடும்பமும் இருக்கும் குழுவிலேயே போடுகிறேன். எல்லாரும் படிக்கட்டும், உன் மாமனாரும் படிக்கட்டும். அவர் வீட்டு டைரியை மண்டபம் பிடித்து ஊர்கூட்டிப் படித்தீர்கள் அல்லவா, என் கடிதத்தைக் குழுவில் படித்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருநாள் விடுமுறைக்கு நீ அவரோடு மஸ்கட் போகக் கூடாது. இங்கே ருவைஸுக்கு, நம் வீட்டுக்கு வர வேண்டும். விடுமுறை முடிந்ததும் கம்பெனி வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு நானும் அம்மாவும் திருச்சிக்குக் கிளம்புகிறோம். வேலை முடிந்தது, விசா கேன்சல், கலாஸ். இந்த வீட்டில் நீயும் நாங்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அந்த ஒரு விடுமுறைதான் மிச்சம். அதைத் தூக்கி, எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு குதிரைக்காரருக்குக் கொடுத்துவிட்டாய்.

எனக்குப் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள். இந்த வயதில் இதை எழுத வெட்கப்பட வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். நான் வெட்கப்படவில்லை. பொறாமையை மூடிவைத்தால் அது வேறு பெயர்களில் வெளியே வரும். போன மாதம் சம்பந்தியின் காபியைக் குறை சொன்னேன், அவர் காரை நிறுத்தும் விதத்தைக் குறை சொன்னேன், அவர் வீட்டு ஏசியைக் குறை சொன்னேன். எல்லாம் ஒன்றுதான். நீயும் இதைத் தெரிந்துவைத்துக்கொள். என்றைக்காவது யாருடைய காபியாவது காரணமில்லாமல் கசந்தால், உனக்கு எங்கே வலிக்கிறது என்று முதலில் பார்.

அந்த டைரியை முதன்முதலில் பார்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். உன் நிச்சயதார்த்தம் முடிந்து அவர்கள் வீட்டுக்கு நாம் போன முதல் தடவை. மீனா பஜாரில் புடவைக் கடைகளுக்கு மேலே இருக்கும் அந்த பிளாட்டில், மற்ற அறைகள் எல்லாம் வேகும்போது ஒரு அறையில் மட்டும் மார்கழி மாதம். "பழைய பேப்பர் பாருங்க, ஈரம் ஏறிடக் கூடாது, அதான் ஏசியை அணைக்கறதே இல்ல" என்றார் சம்பந்தி. அவருடைய எள்ளுத் தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பம்பாய்ப் பக்கம் போய்க் குதிரைப் படையில் சேர்ந்தவராம். சொந்தக் குதிரையோடு வந்தால்தான் அந்தப் படையில் சேர்த்துக்கொள்வார்களாம். வெள்ளைக்காரன் பாரசீகக் கரைக்குச் சண்டைக்குக் கூட்டிப் போனபோது, குதிரையும் அவருமாகக் கப்பலேறி நம் வீட்டுக்கு முன்னால் இருக்கிற இதே கடல் வழியாகப் போயிருக்கிறார். போகும்போதும் சண்டையின்போதும் தமிழில் எழுதிவைத்ததுதான் அந்த டைரி. நான் ஆசையாகக் கையை நீட்டினேன். "சம்பந்தி, கொஞ்சம் கையைத் தொடைச்சிக்கங்க, மிக்சர் சாப்பிட்டீங்க பாருங்க" என்று ஒரு டிஷ்யூவை நீட்டினார். நான் கையை மடக்கிக்கொண்டேன். நீ எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாய். அன்றைக்குப் போனவன்தான் நீ, இன்னும் திரும்பி வரவில்லை.

அந்தக் குதிரைக்காரர் என்னதான் எழுதியிருக்கிறார் என்று நானும் கேட்டேன். சண்டைக்குப் போன மனிதர், சண்டை எழுதியிருப்பார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? சண்டை இரண்டே வரி. "சண்டை நடந்தது. குதிரைக்குக் காயமில்லை." மற்றதெல்லாம் குதிரை கொள்ளுத் தின்றதா, தண்ணீர் குடித்ததா, சாணி போட்டதா என்பதுதான். கப்பலின் அடித்தட்டில் குதிரைகளைப் படுக்கவிடாமல் நிறுத்தியே வைத்திருப்பார்களாம். "இன்றைக்கும் குதிரைக்குச் சரீரம் அசௌக்கியம். தண்ணீர் எடுக்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்." இப்படியே பக்கம் பக்கமாக. நீ ஒவ்வொரு வரியையும் கணினியில் தட்டச்சு செய்து, புரியாத சொற்களுக்கு மாமனாரோடு மணிக்கணக்காகப் போனில் வாதாடி, "அப்பா, வாட் அ மேன், இல்ல?" என்று என்னிடமே கேட்டாய். என்ன பெரிய மேன்? தண்ணீர் எடுக்கவில்லை என்று எழுதியதற்கு மேன் என்றால், உன் அப்பன் யார்?

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதும் அதே தண்ணீர்தான். ஜெல்லி மீன் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன். ரிஃபைனரி சூடேறாமல் இருக்கக் கடல்நீரை இழுத்து ஓடவிடுகிறோம், இழுக்கும் வாயில் கம்பி வலை இருக்கிறது. ஒரு கோடையில் கரையெல்லாம் ஜெல்லி மீன் கூட்டம் வந்து அந்த வலையை அடைத்துக்கொண்டது. பம்பு தண்ணீர் இல்லாமல் அலறுகிறது, கன்ட்ரோல் ரூமில் அலாரம் வரிசையாகச் சிவக்கிறது, பிளாண்ட் மொத்தமும் நிற்கப் போகிறது. குல் கான் என்று ஒரு பட்டாணியன், மலை மாதிரி ஆள், "பாய், ரஸ்ஸி பக்டோ" என்று கயிற்றின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டு, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தக் கொழகொழப்புக்குள் குதித்தான். அவன் கையால் அள்ளி அள்ளி எறிய, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே வந்தபோது அவன் உடம்பெல்லாம் தடித்திருந்தது. பிளாண்ட் நிற்கவில்லை. இந்தக் கதையை நான் ஆரம்பித்தால் நீ ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ஜெல்லிஃபிஷ் அகெய்ன்" என்பாய். அம்மா சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு நிறுத்திவிடுவேன். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

உன்னைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இல்லை, குறை சொல்லத்தான் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் நித்யாவுக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். உன் ஆபீஸ் கதையை நீ ஆசை ஆசையாக எடுத்துவிடுவாய். அது போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்னும். அன்றைக்கு அதன்மேல் கோபப்படாதே. கதையைப் பாதியில் நிறுத்தவும் செய்யாதே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லி முடி. நான் நிறுத்தியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

மண்டபத்தில் நடந்த அந்த வாசிப்புக்கும் வந்தேன். வர மாட்டேன் என்றுதான் இருந்தேன். அம்மா புடவை கட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாள், வேறு வழியில்லை. ருவைஸிலிருந்து லாரிகளுக்கு நடுவே அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்து, மூன்றாம் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். நீ வேட்டி கட்டியிருந்தாய். என் அறுபதாம் கல்யாணத்துக்கு "அன்கம்ஃபர்ட்டபிளா இருக்குப்பா" என்று பேண்ட் போட்டுக்கொண்டு நின்றவன் நீ. மேடையில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாய். நன்றாக வாசித்தாய், அதை மறைக்க மாட்டேன். ருவைஸில் வளர்ந்து இங்கிலீஷில் கனவு காணும் பையனுக்கு அவ்வளவு சுத்தமான தமிழ் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

கரை சேர்ந்ததும் குதிரைகளின் வயிற்றில் பட்டை கட்டிக் கப்பலிலிருந்து தூக்கி இறக்கும் இடம் வந்தது. "என் குதிரை அந்தரத்தில் கால்களை உதைத்தது. நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்த்தது" என்று படித்தாய். அதற்குமேல் உன்னால் படிக்க முடியவில்லை. அழுதுவிட்டாய். தண்ணீர் குடித்தாய், மறுபடி ஆரம்பித்தாய், மறுபடியும் அதே வரியில் நின்றாய். முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குதிரைக்கு அழுகிறாயா? என் கையில் பாய்லர் நீராவி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அன்றைக்கு "அப்பா, ஐபேட் சார்ஜர் எங்க?" என்று கேட்டவன்தானே நீ? சின்னப் பையன், தெரியாமல் கேட்டாய், எல்லாம் சரி. எரிந்ததா இல்லையா என்று கேட்டால், எரிந்தது.

முடிந்ததும் கூட்டம் உன் மாமனாரைச் சுற்றி நின்றது. யாரோ ஒருவர் அவர் கையைக் குலுக்கி, "பையன் பிரமாதமா படிச்சாரு சார்" என்றார். சம்பந்தி திருத்தவில்லை. "நம்ம பையன்தானே, ரத்தத்துலயே இருக்கு" என்றார். யார் ரத்தத்தில்? நான் பக்கத்தில் ஒரு தட்டில் போண்டாவோடு நின்றுகொண்டிருந்தேன். அதே ஆள் என்னைப் பார்த்து, "நீங்க கேட்டரிங்கா?" என்று கேட்டார். உன் அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தாள். "ஏங்க, செத்துப்போன குதிரைக்காரரு மேல பொறாமைப்படற ஒரே ஆளு இந்த வளைகுடாவுலயே நீங்கதாங்க" என்றாள். "செத்தவர் மேல இல்லடி, இருக்கறவர் மேல" என்றேன்.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன், அதையும் கேள். நானும் டைரி எழுத உட்கார்ந்தேன். நான் போன பிறகு என் பேரப்பிள்ளையின் மாப்பிள்ளை எவனாவது வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்தில் படித்துவிட்டுப் போகட்டுமே. புது நோட்டு, நல்ல பேனா. இத்தனை வருடமாக ஷிப்ட் முடிவில் அடுத்த ஷிப்ட்காரனுக்குக் குறிப்பு எழுதிவைத்த கை அல்லவா, வேறு எதுவும் வரவில்லை. "காலை ஷிப்ட். காற்று வடமேற்கு. அனைத்தும் நார்மல். மனைவி அட்டைப்பெட்டி கட்டுகிறார், பணி தொடர்கிறது. மதியம் ரசம், அழுத்தம் சரியாக உள்ளது." அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல். நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன், கார்கோவில் போகும் சாமான்களை அதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம்தான் உன் போன் வந்தது. "அப்பா, பெருநாள் லீவ்ல மாமாவும் நானும் மஸ்கட் போறோம். சவார் தாத்தா கப்பல் குதிரைக்குத் தண்ணி ஏத்தினது அங்கதான். அந்த ஹார்பரைப் பாக்கணும்." சவார் என்றால் குதிரை வீரனாம், நீயே எனக்கு விளக்கம் வேறு சொன்னாய். எள்ளுத் தாத்தா அவருக்கு, சவார் தாத்தா உனக்குமா? உன் சொந்தத் தாத்தா, என் அப்பா, ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தார். அவர் நின்ற கேட்டைப் பார்க்க நீ ஒருநாளாவது பஸ் ஏறியிருக்கிறாயா? இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு, "சரிப்பா, பாத்துப் போ" என்றேன். வைத்த பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாம காலி பண்றது அவனுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும். அடுத்த மாதம் திருச்சிக்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். வீடு உனக்கு வெறும் சுவர்தானே.

உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. அதனால் நேற்று உன் மாமனாருக்கே போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "சம்பந்தி, இந்தப் பெருநாளுக்கு மட்டும் என் பையனை எனக்குக் கொடுத்துருங்க" என்றேன். மறுபக்கம் ஏசி ஓடுவது மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

"சம்பந்தி, நீங்க வெளிப்படையா கேட்டுட்டீங்க, நானும் சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "உங்களுக்கு ஒரு வயித்தெரிச்சல்னா எனக்கும் ஒண்ணு இருக்குது. எங்க தாத்தாவைப் பத்திப் பேச ஒரு ஆளு கிடைச்சாருன்னு நானும் சந்தோஷமா உக்காருவேன். ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள மாப்ள நிறுத்திடுவாரு. 'மாமா, இந்த இடம் எங்கப்பா சொன்ன மாதிரியே இருக்கு'ம்பாரு. குதிரை தண்ணி குடிக்கலன்னு வந்தா உங்க பம்பு தண்ணி எடுக்கலன்னு ஆரம்பிச்சிடுவாரு. சூடுன்னு வந்தா உங்க பாய்லர். மணல் காத்துன்னு வந்தா நீங்க ஷிப்ட்டு முடிஞ்சி வழி தெரியாம வந்தது. அன்னிக்கு மண்டபத்துல கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன்னு வந்ததும் அழுதாரே, அது எங்க தாத்தாவுக்கா? எனக்குத் தெரியாதா? எனக்கு ரெண்டும் பொண்ணுங்க. நான் சொன்னதெல்லாம் நல்லா கேட்டுக்குவாங்க. ஆனா எங்கப்பா இப்படின்னு அடுத்தவங்ககிட்ட போயி ஒருநாளும் சொன்னதில்ல. உங்களுக்குக் கொடுத்து வெச்சிருக்கு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். "ஆனாலும் உங்களுக்கு தைரியம் ஜாஸ்தி சம்பந்தி. அந்த ஜெல்லி மீனுக்குள்ள இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு குதிச்சீங்களாமே?"

குதித்தது குல் கான். உனக்குத் தெரியும், அத்தனை முறை கேட்டிருக்கிறாய். நான் அவரைத் திருத்தவில்லை. "அந்த நேரத்துல வேற என்ன பண்றது" என்றேன். இதைக் குழுவில் போடுவதால் இப்போது அவருக்கும் தெரிந்துவிடும், தெரிந்தால் தெரியட்டும்.

போனை வைத்த பிறகு என் பொறாமை குறைந்திருக்கும் என்று நினைத்தாயானால், உன் அப்பனை உனக்குத் தெரியவில்லை. இரண்டு மடங்காகிவிட்டது. இத்தனை நாள் அவர் உன் நேரத்தை வாங்கிக்கொண்டார் என்றுதான் எரிந்தேன். இப்போது பார்த்தால், நீ என்னைப் பற்றிப் பேசும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் பாய்லர், என் மணல் காற்று, என் கடல், எல்லாம் உன் வாயிலிருந்து வந்து அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பிரியாணிக்குப் பிறகு அவர் கேட்டிருக்கிறார். பெற்றவன் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. உள்ளே போய் உன் பழைய கட்டிலுக்கு உறை மாற்றினாள், அந்தக் கட்டிலை வாங்க ஆளே வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு.

ஆகவே அருண், மஸ்கட் துறைமுகம் அடுத்த பெருநாளுக்கும் அங்கேயேதான் இருக்கும். நான் ருவைஸில் இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் நித்யாவைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே கிளம்பு. சம்பந்தி கோபித்துக்கொள்ள மாட்டார், பேசிவிட்டேன். அவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்காலிகள் போய்விட்டன, அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துகொள்ளலாம். நான் குறுக்கே பேச மாட்டேன், தப்பாகச் சொன்னாலும் திருத்த மாட்டேன். அவரிடம் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து என்னிடம் சொல்.

அப்பா